முப்பதாண்டுப் போர் – 31: கடைசிச் சிப்பாய் போகும் நாள்

இதுவரை: 1618 மே 23 அன்று பிராக் கோட்டைச் சன்னல் வழியாக அரசப் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய எழுத்தரையும் தூக்கி எறிந்தார்கள். அன்று மூண்ட சண்டை ஜெர்மன் மண்ணுக்குள் டென்மார்க், ஸ்வீடன், ஸ்பெயின், பிரான்ஸ் என்று ஒவ்வொரு நாட்டையும் இழுத்து வந்தது. தரங்கம்பாடியில் கோட்டை கட்ட ஆள் அனுப்பிய அதே டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியான், 1626-இல் லுட்டரில் தோற்று ஒதுங்கினார். 1631-இல் மாக்டபர்க் எரிந்தது. 1632-இல் லுட்சன் களத்தில் ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் அடால்ஃப் மடிந்தார். சென்ற வாரம், 1648 அக்டோபர் 24 அன்று, மூன்ஸ்டரில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானதையும் கோட்டைச் சுவர்களில் பீரங்கிகள் முழங்கியதையும் பார்த்தோம்.

கையெழுத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

* * *

அந்த நாட்களில் அச்சான ஒரு துண்டுப் பிரசுரம் இன்றும் கிடைக்கிறது. நடுவில் ஒரு தபால் குதிரைக்காரன். வாயில் ஊதுகொம்பு. குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகிறது, அதன் காலடியில் முறிந்த ஆயுதங்கள் கிடக்கின்றன. மேலே ரோமானியர்களின் தூதுத் தெய்வமான மெர்க்குரி கையில் கடிதத்தோடு பறந்து வருகிறார். மூன்ஸ்டரிலிருந்து சமாதானச் செய்தி கிளம்பிவிட்டது என்று அந்தப் படம் ஊருக்குச் சொன்னது.

அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களின் வயதை யோசித்துப் பாருங்கள். முப்பது வயதுக்குக் கீழே இருந்த யாரும் போரில்லாத நாளைக் கண்டதில்லை. அவர்களுக்குச் சமாதானம் என்பது பெரியவர்கள் சொல்லக் கேட்ட பழங்கதை.

ஆனால் செய்தி குதிரையின் வேகத்தில்தான் போகும். மூன்ஸ்டரில் பீரங்கி முழங்கிய அன்று, பிராக்கிலும் பீரங்கி முழங்கிக்கொண்டிருந்தது. அது நிஜப் பீரங்கி.

ஸ்வீடன் தளபதி கோனிக்ஸ்மார்க் அந்த ஆண்டு ஜூலையில் ஓர் இரவு, உள்ளிருந்து ஒருவன் காட்டிக் கொடுத்ததால், ஆற்றின் இடக்கரையில் இருந்த பாதி நகரத்தைப் பிடித்துவிட்டார். கோட்டையும் அந்தக் கரையில்தான் இருந்தது. மறைந்த புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் சேர்த்து வைத்திருந்த ஓவியங்கள், சிலைகள், அரிய சுவடிகள் எல்லாம் மூட்டை கட்டப்பட்டன. இன்று ஸ்டாக்ஹோமில் இருக்கும் ராட்சதச் சுவடியான கோடெக்ஸ் கிகாஸும், உப்சாலாவில் இருக்கும் வெள்ளி எழுத்து விவிலியமும் அப்படிப் போனவைதாம்.

ஆற்றின் மறுகரைக்கு ஒரே வழி சார்லஸ் பாலம். அதை மாணவர்களும் நகரத்தாரும் மறித்து நின்றார்கள். பல்கலைக்கழகத்துப் பையன்கள் துப்பாக்கி தூக்கினார்கள். அக்டோபரில் ஸ்வீடன் படைக்கு மேலும் ஆள் வந்து சேர்ந்தது. தாக்குதலும் கடுமையானது. நவம்பர் தொடக்கத்தில் சமாதானச் செய்தி வந்து சேர்ந்த பிறகுதான் சுடுவது நின்றது.

போர் எந்தக் கோட்டையின் சன்னலில் தொடங்கியதோ, அந்தக் கோட்டையின் அடியிலேயே கடைசிக் குண்டுகளும் பாய்ந்தன. கையெழுத்தாகி ஒரு வாரத்துக்குப் பிறகும் அங்கே செத்தவர்கள் இருந்தார்கள் என்பதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

* * *

சரி, குண்டு நின்றது. படைகள்?

ஸ்வீடன் கொடியின் கீழ் மட்டும் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள் ஜெர்மன் மண்ணில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஸ்வீடன்காரர்களே அல்லர். கூலிக்குச் சேர்ந்த ஜெர்மானியர், ஸ்காட்லாந்துக்காரர், இன்னும் பலர். பேரரசரின் படையும் பவேரியாவின் படையும் தனி. சிப்பாய்களோடு மனைவி, பிள்ளைகள், கடைக்காரர்கள், கழுதைகள் என்று இன்னொரு கூட்டம் நடந்தது.

இவர்கள் யாருக்கும் போக ஊர் இல்லை. சம்பளம் மாதக்கணக்கில், சில ரெஜிமெண்டுகளில் ஆண்டுக்கணக்கில் பாக்கி. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு நடந்தால் பாதை ஓரத்தில் பட்டினி கிடக்க வேண்டியதுதான். அதனால் அவர்கள் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை.

ஸ்வீடன் ஒரு தொகை கேட்டது. 50 லட்சம் தாலர். படையைக் கலைக்க அவ்வளவு வேண்டும் என்றது. பேரரசின் ஏழு வட்டாரங்கள் சேர்ந்து அதைக் கொடுக்க வேண்டும் என்று உடன்படிக்கையிலேயே எழுதி வாங்கியும் கொண்டது.

முப்பது ஆண்டுகள் கொள்ளை போன ஊர்கள், கொள்ளையடித்தவர்களை வீட்டுக்கு அனுப்ப வரி கட்ட வேண்டும். சமாதானத்தின் விலை அதுதான். அந்த விலையைக் கேட்டு நகரசபைகள் கொதித்தன, பிறகு கட்டின. ஏனென்றால் கட்டாத ஒவ்வொரு மாதமும் சிப்பாய்கள் வீட்டில் தங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். கோழி போகும், தானியம் போகும், அடுப்பில் எரிக்கக் கதவு நிலையும் போகும்.

ஸ்வீடன் பணம் வராமல் கோட்டைகளைக் காலி செய்யாது. ஸ்வீடன் காலி செய்யாமல் பேரரசர் காலி செய்யமாட்டார். ரைன் கரையில் ஃபிராங்கென்தால் கோட்டையில் ஸ்பெயின் படை உட்கார்ந்திருந்தது. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையே சண்டை இன்னும் ஓயாததால், மூன்ஸ்டர் உடன்படிக்கை அந்தப் படையைக் கட்டுப்படுத்தவில்லை. யார் முதலில் எழுந்திருப்பது?

போர் முடிந்துவிட்டது. சமாதானம் வரவில்லை. இந்த இடைவெளி ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீண்டது. வரலாற்றுப் புத்தகங்கள் பெரும்பாலும் 1648 என்று போட்டு அத்தியாயத்தை மூடிவிடுகின்றன. ஜெர்மன் நகரங்களின் மக்களைக் கேட்டிருந்தால் அவர்கள் 1650 என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

* * *

இந்த முடிச்சை அவிழ்க்கக் கூடிய இடம் நியூரம்பெர்க். 1649 வசந்தத்தில் தூதர்களும் தளபதிகளும் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

பேச்சுவார்த்தையின் இரு தலைவர்களையும் சற்று நின்று பார்க்க வேண்டும்.

பேரரசரின் பக்கம் ஒட்டாவியோ பிக்கோலோமினி. இத்தாலியர், ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தார், ஏறக்குறையப் போர் முழுவதையும் களத்திலேயே கழித்தவர். லுட்சனில் குஸ்தாவ் அடால்ஃப் விழுந்த அன்று எதிர்ப்படையில் குதிரைப்படை நடத்திப் பல காயம் பட்டவர்.

ஸ்வீடனின் பக்கம் கார்ல் குஸ்தாவ். இருபத்தாறு வயது. போர் தொடங்கி நான்கு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர். பிராக்கின் கடைசி முற்றுகையை நடத்தியவர். குஸ்தாவ் அடால்ஃபின் சகோதரி மகன்.

மாமனைக் கொன்ற படையின் தளபதியோடு மருமகன் உட்கார்ந்து, எந்தக் கோட்டையை எந்தத் தேதியில் காலி செய்வது என்று பட்டியல் போட்டார். மாதக்கணக்கில் போட்டார். செப்டம்பரில் ஓர் இடைக்கால ஒப்பந்தம் உருவானது. படைகளை எந்த வரிசையில் கலைப்பது என்பதன் முதல் கட்டம் அது.

அதைக் கொண்டாட கார்ல் குஸ்தாவ் விருந்து வைத்தார். நியூரம்பெர்க் புராட்டஸ்டண்ட் நகரம், பழைய நாட்காட்டியை விடாதது. அதன் கணக்கில் செப்டம்பர் 25. பேரரசரின் ஆட்களுக்கு அதே நாள் அக்டோபர் 5. பத்து நாள் வித்தியாசத்தை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் எல்லோரும் ஒரே மேசைக்கு வந்தார்கள்.

* * *

நகரமன்றத்தின் பெரிய கூடம். மேலே சரவிளக்குகள், பூ, இலை, பழத் தோரணங்கள். நீண்ட மேசையில் சுமார் 150 விருந்தினர். கத்தோலிக்கரும் லூத்தரன்களும் கால்வினியரும் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். ஓவியர் யோவாக்கிம் ஃபான் சாண்ட்ரார்ட் அந்தக் காட்சியைப் பெரிய திரையில் தீட்டினார். அந்த ஓவியம் இன்றும் நியூரம்பெர்க்கில் இருக்கிறது. அதில் உள்ள முகங்கள் ஒவ்வொன்றும் ஆள் அடையாளம் தெரியும் முகங்கள்.

உள்ளே இப்படி. வெளியே தெருவில்?

கூடத்தின் சன்னலில் ஒரு சிங்கப் பொம்மையை வைத்திருந்தார்கள். ஒரு பாதத்தில் சமாதானக் கிளை, இன்னொரு பாதத்தில் முறிந்த வாள். அதன் வாயிலிருந்து சிவப்பு மதுவும் வெள்ளை மதுவும் கீழே நின்ற கூட்டத்துக்காகக் கொட்டியது. நின்றுவிடவில்லை, ஆறு மணி நேரம் கொட்டியது. குடத்தையும் தொப்பியையும் ஏந்திக்கொண்டு ஜனங்கள் முட்டி மோதினார்கள். ஏழைகளுக்கு ரொட்டியும் மாட்டிறைச்சியும் பகிர்ந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் நின்றவர்களுக்கு இதே ஊரின் 1632 கோடை நினைவிருந்திருக்கும். குஸ்தாவ் அடால்ஃபும் பேரரசரின் தளபதி வாலன்ஸ்டைனும் ஊரைச் சுற்றி எதிரெதிரே முகாமிட்டுக் கிடந்த மாதங்கள் அவை. அகதிகள் நிறைந்து ஊருக்குள் பஞ்சமும் கொள்ளைநோயும் ஆயிரக்கணக்கில் தின்றன. ஸ்வீடன் சிங்கம் அன்று கொண்டுவந்தது பசி. இன்று அதே சிங்கம் மது ஊற்றுகிறது.

இரவு முற்றியது. மேலே கூடத்தில் இருந்த தளபதிகளுக்குப் போதை ஏறியது. அப்போது நடந்ததைக் குறிப்புகள் பதிந்து வைத்திருக்கின்றன.

கடைசியாக ஒரு தடவை சிப்பாய் வேலை பார்ப்போம் என்று அவர்களுக்குத் தோன்றியது. துப்பாக்கிகள் வரவழைக்கப்பட்டன. கார்ல் குஸ்தாவும் பிக்கோலோமினியும் கேப்டன்கள். ஸ்வீடனின் ஃபீல்டு மார்ஷல் ரங்கெல் வெறும் கார்ப்பரல். கர்னல்கள் எல்லோரும் சாதாரணத் துப்பாக்கி வீரர்கள். வரிசை கட்டி மேசையைச் சுற்றி நடந்தார்கள். பிறகு படியிறங்கி, தெருவழியாக மலை மேலிருந்த கோட்டைக்கு அணிவகுத்து ஏறி, இருட்டில் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். திரும்பி வரும் வழியில் ஒரு கர்னல், இனி சமாதானம் வந்துவிட்டதால் படை கலைக்கப்படுகிறது என்று அறிவித்து எல்லோரையும் விடுவித்தார்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வருகிறது, இரக்கமும் வருகிறது. இவர்களின் ஆணையில்தான் கிராமங்கள் எரிந்தன. அதே சமயம், இவர்களுக்கும் போரைத் தவிர வேறெதுவும் தெரியாது. விளையாட்டாகக் கலைத்துக்கொண்ட அந்தப் படையைப் போல நிஜப் படைகளும் ஒரே இரவில் கலைந்திருந்தால்!

அதற்கு இன்னும் ஒன்பது மாதம் ஆனது.

* * *

1650 ஜூன் 26. நியூரம்பெர்க் கோட்டையில் இறுதி ஒப்பந்தம் கையெழுத்தானது. எந்தப் படை, எந்தக் கோட்டை, எந்த நாள் என்று எல்லாமே தேதியோடு. இப்போதுதான் தேவாலய மணிகள் நிஜமாக ஒலித்தன. ஊர் ஊராக நன்றி வழிபாடு நடந்தது.

இப்போது விருந்து வைக்கும் முறை பிக்கோலோமினிக்கு. ஜூலையில், ஊருக்கு வெளியே புனித யோவான் பகுதியின் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் பந்தல்கள் எழுந்தன. நியூரம்பெர்க் கவிஞர் சிக்மண்ட் ஃபான் பிர்க்கென் எழுதிய நாடகம் அரங்கேறியது. பகை என்ற பாத்திரம் விரட்டப்படும், சமாதானம் என்ற பாத்திரம் உள்ளே வரும். இருட்டிய பிறகு வாணவேடிக்கை. மரத்தாலும் துணியாலும் கட்டிய பகைமைக் கோட்டை வெடித்துச் சிதறி எரிந்தது.

எரியும் கோட்டையை அந்த மக்கள் கைதட்டி ரசித்தார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்புவரை கோட்டை எரிவதென்றால் மூட்டை முடிச்சோடு ஓட வேண்டும். வெடிமருந்தின் வாடைக்குப் பயப்படாமல் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்ற முதல் இரவு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அந்தக் கோடையின் இன்னொரு கதை குழந்தைகளைப் பற்றியது. சமாதானத்தின் நினைவாகப் பிக்கோலோமினி ஒவ்வொரு பையனுக்கும் வெள்ளிக்காசு கொடுக்கப் போகிறார் என்று ஊரில் ஒரு வதந்தி பரவியதாம். பையன்கள் குச்சிக் குதிரை ஏறிக் கூட்டமாக அவர் தங்கியிருந்த வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவருக்கு எதுவும் புரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டு, இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பினார். அதற்குள் காசு அச்சாயிற்று.

கதையின் விவரங்கள் வாய்வழியாக வளர்ந்திருக்கலாம். காசு நிஜம். சதுரமான சிறு வெள்ளிக்காசு. ஒரு பக்கம் குச்சிக் குதிரை ஓட்டும் சிறுவன், சுற்றிலும் நியூரம்பெர்க்கின் சமாதான நினைவு என்ற வாசகமும் 1650 என்ற ஆண்டும். மறுபக்கம் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்டுக்கு வாழ்த்து. அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாகத் தளபதிகளின் முகமும் வெற்றி பெற்ற களங்களும் பதக்கங்களில் வந்துகொண்டிருந்தன. போரின் முடிவுக்கு அச்சான காசில் ஒரு பையன் வந்தான்.

* * *

தளபதிகளை விடுவோம். அவர்களுக்குப் பட்டமும் நிலமும் கிடைத்தன. கார்ல் குஸ்தாவ் நான்கே ஆண்டுகளில் ஸ்வீடனின் அரசரானார்.

சாதாரணச் சிப்பாய் என்ன ஆனான்?

பெர்லின் நூலகத்தில் பல காலம் கிடந்த ஒரு நாட்குறிப்பு 1988-இல் வரலாற்றாளர் யான் பீட்டர்ஸ் கண்ணில் பட்டது. முதல் பக்கங்கள் இல்லை, எழுதியவன் பெயரும் இல்லை. பிள்ளைகளைப் பற்றிய குறிப்புகளை ஞானஸ்நானப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, பீட்டர் ஹாகெண்டார்ஃப் என்ற பெயரைக் கண்டுபிடித்தார்கள். கிட்டத்தட்டக் கால் நூற்றாண்டு நடந்தே போர் செய்தவர். நடந்த தூரம் 22,000 கிலோமீட்டருக்கு மேல்.

மாக்டபர்க் எரிந்த அன்று நாம் இவரைச் சந்தித்திருக்கிறோம். நகரத்தைத் தாக்கிய படையில் முன்வரிசையில் ஏறிக் குண்டடி பட்டவர் இவர்தான். நகரம் எரிந்ததற்காக வருந்தியதையும் எழுதியவர். அழகான ஊர், என் தாய்நாட்டு ஊர் என்பது அவர் வருத்தத்தின் சாரம்.

1649 செப்டம்பரில் மெம்மிங்கென் நகரில் அவருடைய ரெஜிமெண்ட் கலைக்கப்பட்டது. கையில் மூன்று மாதச் சம்பளம். அந்த ஊர்க்காரர்கள் ஈஸ்டரும் பெந்தெகொஸ்தேயும் சேர்ந்து வந்ததைப் போலச் சமாதானத்தைக் கொண்டாடியதைக் குறித்து வைத்திருக்கிறார். சிப்பாய்கள் கொண்டாடியதாக ஒரு வரியும் இல்லை.

போர் நின்றதும் அவர் மகனைத் தேடிப் போனார். இரண்டு மனைவியருக்குப் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் படைப்பாதையிலேயே கைக்குழந்தைகளாக இறந்திருந்தார்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பிரார்த்தனை வரி எழுதியிருக்கிறார். எஞ்சிய மெல்கியோர் கிறிஸ்டோஃப் என்ற பையனையாவது காப்பாற்ற வேண்டும் என்று ஆல்ட்ஹைமில் ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டில் பணம் கொடுத்து விட்டிருந்தார். சமாதானம் வந்த பிறகு போய் மீட்டுக்கொண்டார். விவிலியக் கதையை நினைத்து, எகிப்திலிருந்து மகனை அழைத்து வந்துவிட்டேன் என்ற பொருளில் அதை எழுதினார்.

அதன்பின் குறிப்பு நின்றுவிடுகிறது. பல காலம் அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. பின்னாளில் தேவாலயப் பதிவேடுகளைத் துழாவிய ஆய்வாளர்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள். பிராண்டன்பர்க் பகுதியில் கோர்ட்ஸ்கெ என்ற சிற்றூர். மாக்டபர்க்கிலிருந்து இரண்டு மூன்று நாள் நடை. அங்கே நீதிபதியாகவும் ஊர்த்தலைவராகவும் இருந்து, 1679-இல் முதுமையில் இறந்திருக்கிறார்.

கொள்ளையடித்துப் பிழைத்த கை, பின்னால் வேலித் தகராறுகளுக்குத் தீர்ப்பு எழுதியது. எரித்தவர்களும் எரிக்கப்பட்டவர்களும் பக்கத்து ஊரில், சில சமயம் ஒரே ஊரில், வாழ்ந்தாக வேண்டியிருந்தது. அதற்கு ஒரு சட்டமே இருந்தது. மூன்ஸ்டர் உடன்படிக்கையோடு சேர்ந்து உருவான ஓஸ்னாபுரூக் உடன்படிக்கையின் இரண்டாவது பிரிவு: போர்க்காலத்தில் சொல்லாலும் எழுத்தாலும் செயலாலும் யார் யாருக்கு என்ன செய்திருந்தாலும் அனைத்தும் என்றென்றைக்கும் மறக்கப்படும், மன்னிக்கப்படும். வழக்குப் போட முடியாது.

மறதியைச் சட்டமாக்கிய அந்தப் பிரிவு இல்லாமல் சமாதானம் நின்றிருக்காது என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு கணக்கு இருந்தது. எல்லாக் கணக்கையும் தீர்க்க முயன்றால் இன்னொரு முப்பது ஆண்டு ஆகியிருக்கும். ஆனால் அந்தச் சட்டத்தின் சுமை முழுவதும் இழந்தவர்கள் தலையில்தான் விழுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

* * *

மறக்க மறுத்த ஒரு நகரம் உண்டு. ஆக்ஸ்பர்க்.

போருக்கு முன் 40,000 பேருக்கு மேல் வாழ்ந்த செல்வ நகரம். 1635-இல் எண்ணிப் பார்த்தபோது சுமார் 16,000 பேர். 1629 ஆகஸ்ட் 8 அன்று பேரரசரின் ஆணைப்படி அங்கே புராட்டஸ்டண்ட் போதகர்கள் பணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். தேவாலயக் கதவுகள் மூடப்பட்டன. 1635-க்குப் பிறகு பல ஆண்டுகள் மழையிலும் பனியிலும் புனித அன்னாள் பள்ளி முற்றத்தில் வெட்டவெளியில் வழிபட்டார்கள்.

சமாதானம் தேவாலயங்களைத் திருப்பித் தந்தது. நகராட்சிப் பதவிகள் கத்தோலிக்கருக்குப் பாதி, புராட்டஸ்டண்டுகளுக்குப் பாதி என்று எழுதிக் கொடுத்தது. நகரத் தலைமைக்கும் இருவர். இதைக் கொண்டாட 1650-இல் புராட்டஸ்டண்டுகள் தேர்ந்தெடுத்த நாளைப் பாருங்கள். கையெழுத்தான அக்டோபர் 24 அல்ல. படை வெளியேறிய நாளும் அல்ல. அவர்கள் எடுத்தது ஆகஸ்ட் 8, கதவு மூடப்பட்ட அதே நாள்.

காயம் பட்ட நாளையே திருநாளாக்கினார்கள். குழந்தைகளுக்குத் தனி விழா. ஆண்டுதோறும் ஒரு சமாதானப் படம் செப்புத் தகட்டில் அச்சாகிப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்குப் போனது. நூறாண்டுக்கு மேல் இது நடந்தது. முதலில் பாதி ஊரின் விழாவாக, மறுபாதியைச் சீண்டும் விழாவாகக்கூட இருந்தது. இன்று இரு சபையினரும் சேர்ந்து கொண்டாடுகிறார்கள். ஆகஸ்ட் 8 ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்துக்கு மட்டுமே அரசு விடுமுறை.

* * *

விழா ஒரு நாள். வயல்?

பேரரசின் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்பாரும் உண்டு, மூன்றில் ஒரு பங்கு என்பாரும் உண்டு. பட்டினியும் கொள்ளைநோயும் எடுத்த உயிர்கள் வாள் எடுத்ததைவிட மிக அதிகம். வடகிழக்கிலும் ரைன் ஓரத்திலும் பாதிக்கு மேல் ஆளற்றுப் போன பகுதிகள் இருந்தன. உழுத நிலத்தில் புதர் மண்டி மரம் எழும்பியிருந்தது. எல்லைக்கல் எங்கே என்று சொல்லக் கூடிய கிழவர்கள் செத்துப் போயிருந்தார்கள்.

ரைன் கரைப் பலாட்டினேட் அப்படிப்பட்ட நாடு. அதன் இளவரசர் கார்ல் லுட்விக் 1649 அக்டோபரில் ஹைடல்பெர்க் திரும்பினார். போஹேமியாவின் மகுடத்தை ஏற்றுப் போரைப் பெரிதாக்கிய ஃபிரடெரிக்கின் மகன். மூன்று வயதில் நாட்டை இழந்து அகதியாக வளர்ந்தவர், முப்பத்தொரு வயதில் பாழடைந்த நாட்டுக்கு வந்தார்.

அவருக்குத் தேவைப்பட்டது ஆள். வீட்டைத் திரும்பக் கட்டுபவருக்கும் புதர் வெட்டி உழுபவருக்கும் சில ஆண்டுகள் வரி கிடையாது என்று அறிவித்தார். தரைமட்டமான மன்ஹைம் நகரத்துக்கு 1652-இல் சலுகைகளைப் பல மொழிகளில் அச்சிட்டு அனுப்பினார்: எந்த நாட்டவராக இருந்தாலும் நேர்மையானவர் வரலாம். டச்சுக்காரரும் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளும் வந்தார்கள். யூதர்களுக்கும் மென்னோனைட்டுகளுக்கும் பின்னர் தனி உரிமைகள் கிடைத்தன. மதம் கேட்டுக் கழுத்தை அறுத்த நாட்டில், கலப்பை பிடிக்கத் தெரிந்தால் போதும் என்ற நிலை வந்தது. இரக்கத்தால் வந்த தாராளம் என்று அதை முழுக்கச் சொல்ல மாட்டேன். ஆளில்லாத நிலம் வரி கட்டாது. ஆனாலும் பலன் மெய்.

போரின் நெருப்பு பெரும்பாலும் எட்டாத ஸ்விட்சர்லாந்து மலைகளில் நிலத்துக்கு மிஞ்சிய ஆள் இருந்தது. இளையவர்கள் கோடரியோடும் குடும்பத்தோடும் இறங்கி வந்தார்கள். ஆஸ்திரியாவில் மதத்துக்காக விரட்டப்பட்டவர்கள் ஃபிராங்கோனியாவின் காலி வீடுகளில் குடியேறினார்கள். கூலிக்கு ஆள் கிடைக்காததால் கூலி ஏறியது. உடனே பிரபுக்கள் கூலிக்கு உச்சவரம்பு போட்டுச் சட்டம் எழுதினார்கள்; வடகிழக்கில் குடியானவனை நிலத்தோடு இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். சமாதானம் எல்லோருக்கும் ஒன்றாக வரவில்லை.

கடன் இன்னொரு பாழ்நிலம். எரிந்த வீட்டின் மேலும் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. 1654-இல் ரீகன்ஸ்பர்க் பேரரசு மன்றம் போர்க்கால வட்டிப் பாக்கியில் நான்கில் மூன்று பங்கைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டில்தான் வடமேற்கே ஃபெக்டா என்ற ஊரிலிருந்து கடைசி ஸ்வீடன் படையும் வெளியேறியது. கையெழுத்தாகி ஆறாவது ஆண்டில்.

* * *

அந்த ரீகன்ஸ்பர்க் மன்றத்துக்குக் கையில் மனுவோடு வந்திருந்தார் ஒருவர். பள்ளி இயற்பியல் பாடத்தில் அவர் பெயர் நமக்குத் தெரியும்: ஓட்டோ வான் கெரிக்கே.

1631-இல் ஹாகெண்டார்ஃப் சுவர் ஏறிய அந்த நாளில், கெரிக்கே சுவருக்கு உள்ளே இருந்தார். வீடு கொள்ளை போனது. பிடிபட்டு, 300 தாலர் மீட்புத் தொகை கொடுத்து வெளியே வந்தார். கோட்டைப் பொறியியல் படித்தவர். சாம்பல் ஆறிய மறு ஆண்டே நேரான, அகலமான தெருக்களோடு மாக்டபர்க்குக்குப் புது வரைபடம் போட்டார். கட்டப் பணமில்லை. 1646 முதல் அந்த நகரத்தின் மேயர். ஓஸ்னாபுரூக்கில் வாதாடினார், நியூரம்பெர்க்கில் தளபதிகள் விருந்துண்ட காலத்தில் அதன் தாழ்வாரங்களிலும் காத்து நின்றார்.

கேட்டது ஒன்றே ஒன்று. மாக்டபர்க் பேரரசரைத் தவிர யாருக்கும் கட்டுப்படாத சுதந்திர நகரம் என்று உறுதி வேண்டும். எரிந்த நகரத்துக்கு வணிகம் திரும்பவும், கட்டக் கடன் கிடைக்கவும் அந்த அந்தஸ்து தேவை. சமாதான உடன்படிக்கையில் அதற்கு ஒரு வரியும் வாங்கிவிட்டார்: 940 ஜூன் 7 அன்று முதலாம் ஓட்டோ கொடுத்த உரிமையின்படி பழைய சுதந்திரம் நகரத்துக்கு உண்டு.

ஒரு சிக்கல். அந்த 940-ஆம் ஆண்டுச் சாசனம் காலத்தின் கொடுமையால் தொலைந்துவிட்டது என்று உடன்படிக்கையே ஒப்புக்கொள்கிறது. காட்டச் சொன்னால் காட்ட எதுவும் இல்லை. எதிரே நின்றது பிராண்டன்பர்க். அதன் இளவரசர் ஃபிரடெரிக் வில்லியத்துக்கு மாக்டபர்க் பேராயர் நாட்டையே கொடுப்பதாக அதே உடன்படிக்கை வாக்களித்திருந்தது. நகரமும் தன்னோடு சேர்ந்ததே என்றார் அவர்.

1654-இல் மனுவோடு கெரிக்கே ரீகன்ஸ்பர்க்குக்கு இன்னொன்றையும் கொண்டு வந்திருந்தார். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கருவி, அவரே செய்தது. பேரரசரும் இளவரசர்களும் அதைப் பார்க்கக் கூடினார்கள். வியந்தார்கள். மைன்ஸ் நாட்டின் பேராயர் கருவியையே விலைக்கு வாங்கிக்கொண்டார்.

கருவிக்குக் கிடைத்த காது மனுவுக்கும் கிடைத்ததா? தொலைந்துபோன சாசனத்தை நம்பி ஒரு நகரம் தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்ள முடியுமா? பிராண்டன்பர்க் படை மாக்டபர்க் வாசலுக்கு வந்தால், கெரிக்கே கதவைத் திறப்பாரா?

(தொடரும்)